முப்பத்தொன்றாவது ஊசி

பரஞ்சோதி தள்ளாடி நடப்பதைப் பார்த்த தோட்டத்து ஜனங்கள், மனுஷன் வயசான காலத்தில் சம்சு குடிக்கப் பழகிவிட்டார் என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். லயத்து வீடுகளின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பிடி விட்டுப்போனால் கால் அகட்டி நின்று, எதிரே ஒரு மரத்தையோ கம்பத்தையோ உற்றுப் பார்த்துக்கொண்டே அடுத்த அடியை வைப்பார். பகலில் இப்படி. இருட்டிவிட்டால் கக்கூஸுக்குக்கூடத் தவழ்ந்துதான் போகவேண்டும்.

அவர் சொட்டுகூடக் குடிப்பதில்லை என்பது தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் பெர்னார்டுக்குத் தெரியும். பாலிங்கிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் கிளினிக்கில் பெர்னார்ட் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறார். பரஞ்சோதிக்குக் காசநோய் என்று தெரிந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தபடி தினம் ஒன்றாக எண்பத்திரண்டு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டது அவர் கைதான். நெஞ்சு சுத்தமாகிவிட்டது. ஆனால் அந்த மருந்து காதுக்குள் போகும் நரம்பைத் தின்றுவிட்டது. உடம்பை நிமிர்த்திப் பிடிப்பது அந்த நரம்பு என்று ஆஸ்பத்திரி டாக்டர் அப்புறம் விளக்கிச் சொன்னார். போனது போனதுதான், திரும்பி வராது என்றும் சொன்னார்.

"முதல்ல காதுல இரைச்சல் வரும். வந்த அன்னைக்கே ஊசியை நிறுத்திட்டு இங்க அனுப்பிடணும், மிஸ்டர் பெர்னார்ட். ஒருநாள்கூடத் தாமதிக்கக்கூடாது."

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமல் சொன்னார். பரஞ்சோதி காது இரைகிறது என்று சொல்லவேயில்லை என்பதை பெர்னார்ட் அவரிடம் சொன்னார். அது உண்மை. தானாக ஒருநாளும் கேட்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன்பிறகு, விடியுமுன் பேர் வாசித்து ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் போகும்போதெல்லாம், கடைசி லயத்து வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பரஞ்சோதியைத் தாண்டித்தான் அவர் போகவேண்டியிருந்தது. பரஞ்சோதி கோபப்பட்டதில்லை. "வாங்கய்யா" என்று மட்டும் சொல்வார். பெர்னார்ட் சைக்கிளை வேகமாக மிதிப்பார்.

இதெல்லாம் எழுபத்தைந்தாம் வருடம். அடுத்த வருடம் பிச்சைக்கு நோய் வந்தது.

பிச்சை வெளிக்காட்டு வேலைக்காரன், புல் வெட்டுகிறவன். அவன் வீடு மேல் பிரிவில், கிளினிக்கிலிருந்து இரண்டு மைல். அங்கே போய் ஊசி போடும் வேலையை பெர்னார்ட் தன் உதவியாளர் ராமையாவிடம் விட்டிருந்தார். ராமையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, கை நடுங்காமல் ஊசி போடுவார். வாரத்துக்கு ஒருமுறை பிச்சையின் அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். கட்டங்கள் வரிசையாக நிரம்பிக்கொண்டே வந்தன.

தொண்ணூறு ஊசி முடிந்த அன்று பிச்சை தானாகவே நடந்து கிளினிக்குக்கு வந்தான். தோளில் ஒரு வாழைத்தார். பெர்னார்ட் அவனைப் பாதம் ஒட்டி நின்று கண்ணை மூடச் சொன்னார். தூண் நட்டமாதிரி நின்றான். பின்னாலிருந்து கைக்கடிகாரத்தைக் காதருகே பிடித்தார். கேட்கிறது என்றான். இடது காதிலும் கேட்டது.

"ஒனக்கு எதுவுமே ஆகலியா? தலை சுத்தல், இரைச்சல்?"

"ஒண்ணும் இல்லீங்கய்யா."

கூட வந்திருந்த அவன் மனைவி அழகம்மா வாசலில் நின்றபடி சொன்னாள்: "நான் தெனமும் வல்லாரை அரைச்சுக் குடுத்தேங்க. கம்பத்து மலாய்க்கார மக் சொன்னாங்க, பெகாகான்னு அவங்க சொல்ற இந்த எலையத் தின்னா நரம்பு கெட்டிப்படும்னு. வாய்க்கா ஓரமா மண்டிக் கெடக்கு. காலையில சாறு, மத்தியானம் சம்பல். ஒருநாள் விட்டதில்ல."

பெர்னார்ட் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவர் தவழ்கிறார், இன்னொருவன் வாழைத்தார் சுமக்கிறான். நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு கைப்பிடி இலை. அலோர் ஸ்டாரில் வாங்கிய பழைய மருத்துவப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தார். செடிகளில் விஷத்தை முறிக்கும் பொருள்கள் உண்டு, அவற்றைப் பிரித்தெடுக்க வெளிநாட்டில் முயல்கிறார்கள் என்று ஒன்றில் நாலு வரி இருந்தது. அந்த நாலு வரியை அவர் எத்தனை முறை படித்தார் என்று அவருக்கே தெரியாது.

டாக்டருக்குக் கடிதம் எழுதினார். பதில் இரண்டு வரியில் வந்தது. கவனித்தது நல்லது, ஆனால் ஒரே ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது, காது இரைந்தால் நிறுத்தும் விதியை மாற்றவேண்டாம்.

அந்த வருடம் ஆகஸ்டு மாதம் புஷ்பவள்ளி இருமலோடு வந்தாள். பால்வெட்டுக்காரி, இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள். புருஷன் சின்னையா பால் லாரியில் வேலை. மேல் பிரிவில் மலைச்சரிவில் இருக்கும் ரப்பர் மர நிரைகள் அவளுடையவை. அந்தத் தோட்டத்தில் அவளைவிட வேகமாகப் பால் வெட்டுகிறவள் இல்லை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்வார். எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் மேல்பகுதி பஞ்சு வைத்தமாதிரி இருந்தது.

முதல் ஊசியன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"பரஞ்சோதி மாமாவுக்குப் போட்டதுதானே இது?"

"ஆமாம்மா."

கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று பெர்னார்டுக்குப் பட்டது. அப்போதுதான் அவர் வல்லாரையைப் பற்றிச் சொன்னார். பிச்சையைப் பற்றிச் சொன்னார். எப்படி அரைக்கவேண்டும், எவ்வளவு குடிக்கவேண்டும் என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது. தன் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

புஷ்பவள்ளி தினமும் காலை எட்டு மணிக்கு வருவாள். வாயோரத்தில் பச்சை ஒட்டியிருக்கும். "குடிச்சேன்யா" என்று அவர் கேட்குமுன்பே சொல்வாள். எடை ஏறியது. இருமல் அடங்கியது. பெர்னார்ட் ஒரு கொப்பி வாங்கி நாள், ஊசி எண், இலையின் அளவு, நடை, காது என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினார். என்றைக்காவது அந்த டாக்டர்முன் அதை வைக்கவேண்டும்.

முப்பத்தொன்றாவது ஊசிக்கு வந்த அன்று அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"ஐயா, காதுக்குள்ள ரெண்டு நாளா சில்லுவண்டு கத்துற மாதிரி இருக்கு."

ஊசி தயாராக இருந்தது. ராமையா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டிருந்தார். பெர்னார்ட் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை, வெயில்தான்.

"எந்தக் காது?"

"ரெண்டும்."

"நடக்கும்போது?"

"நல்லாத்தான் நடக்கறேன்." பிறகு தணிந்த குரலில் கேட்டாள். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவீங்களா? படுக்கச் சொல்லிடுவாங்களே. மூணு மாசமோ ஆறு மாசமோ. சின்னவன் இன்னும் எங்கிட்டதான் படுக்கறான் ஐயா."

அனுப்பியிருக்கவேண்டும். பிற்பாடு எத்தனையோ முறை அவர் அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார். எவ்வளவு சுலபமான காரியம் அது. ஒரு சீட்டு எழுதவேண்டும், தோட்டத்து வேனுக்குச் சொல்லவேண்டும். ஆனால் அனுப்பினால் கொப்பியும் முப்பதோடு நின்றுவிடும். இலை காக்கவில்லை என்று ஆகிவிடும். பிச்சை தூண்போல நின்றதை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"இலை பத்தல. அதுதான். ரெண்டு மடங்காக்கிடு. மூணு வேளையும் குடி."

"சரியாப் போயிடுமா?"

"போயிடும்."

ராமையா பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்போல இருந்தது. பெர்னார்ட் நிமிர்ந்து பார்த்ததும் பஞ்சை நீட்டினார். முப்பத்தொன்றாவது ஊசியைப் போட்டார்கள்.

ஒரு வாரத்தில் இரைச்சல் நின்றுவிட்டது என்றாள். பெர்னார்ட் அதைச் சிவப்பு மையால் எழுதினார். அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி ஜெனவீவிடம் அதைச் சொன்னார். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான ஜெனவீவ் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்: "சத்தம் நின்னுச்சா, இல்ல, கேக்கறது நின்னுச்சா?"

அந்தக் கேள்வி மட்டும் சோற்றில் கல்மாதிரி அவருக்குள் கிடந்தது.

மறுநாள் புஷ்பவள்ளியைக் கண் மூடி நிற்கச் சொன்னார். நின்றாள். ஆடாமல்தான் நின்றாள். அவள் இடுப்பு மேஜை விளிம்பில் ஒட்டியிருந்தது. தள்ளி நில் என்று சொல்ல நினைத்தார். 'சரி' என்று எழுதினார்.

நாற்பத்தைந்தாவது ஊசியோடு சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி அவளை மறுபடி வேலைக்குப் போட்டார். மிச்ச ஊசியை மத்தியானத்தில் ராமையா மேல் பிரிவுக்குப் போய்ப் போட்டார். சின்னையா சந்தோஷப்பட்டான். ஆனால் அந்த வாரத்திலிருந்து சின்னச் சின்னச் செய்திகள் பெர்னார்டின் காதில் விழத் தொடங்கின. புஷ்பம் பிரட்டுக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டே வருகிறாளாம். இருட்டோடு வெட்டப் போகிறவள் இப்போது கடைசி ஆளாகப் பால் கொண்டுவருகிறாளாம். மண்டோர் திட்டினாராம். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள் என்றார் கடைக்காரர். பெர்னார்ட் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். நோயிலிருந்து எழுந்தவள், பலமில்லை. ஏதோ யோசனையில் இருந்திருப்பாள். அவரே நம்பும் காரணங்கள்தான். ஆனாலும் சைக்கிளில் போகும்போது மேல் பிரிவுப் பக்கம் திரும்பாமல் வேறு பாதையில் போகத் தொடங்கியிருந்தார்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு விடியற்காலை, பிரட்டுக் களத்தில் பேர் வாசித்துக்கொண்டிருந்தபோது பிச்சை இருமினான். இருமல் நிற்கவில்லை. முன்னால் குனிந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் கை கறுப்பாகத் தெரிந்தது. கிராணி டார்ச்சை அடித்துப் பார்த்தபோது அது ரத்தம்.

கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெர்னார்ட் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஐஸ் கொடுத்து, அட்டையை எடுத்துப் பார்த்தார். தொண்ணூறு கட்டமும் நிரம்பியிருந்தது. அப்புறம் எப்படி? தொண்ணூறு ஊசி போட்டவன் நெஞ்சு இந்த அளவுக்கு உடைய எப்படி முடியும்?

"ராமையா."

ராமையா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து பெர்னார்ட் பார்த்ததில்லை.

"இருபதுதான் போட்டேன்யா."

"என்ன?"

"இருபது. அதுக்கப்புறம் எங் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதான். பரஞ்சோதி மாதிரி ஆயிடுவேன்னு அழுதான். நானும் அந்த மனுஷனை தெனம் பாக்கறேனே. ஊசியைக் கொண்டுபோயி வாய்க்கால்ல ஊத்திட்டு வந்துடுவேன். கட்டத்தை மட்டும் நெரப்புனேன்." அவர் நிமிரவில்லை. "அந்தப் பொண்ணு காது இரையுதுன்னு சொன்ன அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல."

பெர்னார்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடிக்கப் பத்து நிமிடம். வெளியே இன்னும் கும்மிருட்டு. பால்வெட்டுக்காரர்கள் மலை ஏறியிருப்பார்கள்.

பிச்சையைத் தூக்கிவந்தவர்களிடம் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். சைக்கிள் பாலத்தடி வரைக்கும்தான் போகும். அதற்குமேல் சரிவுப் பாதை. ஈரச் சருகில் செருப்பு வழுக்கியது. மரங்களுக்கு நடுவே அங்கங்கே தலைவிளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு விளக்கையும் நோக்கி "புஷ்பம்" என்று கூப்பிட்டார். வேறு வேறு குரல்கள் "இல்லீங்கய்யா, மேல" என்றன.

ஓடையைக் கடக்க இரண்டு ரப்பர் மரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். கீழே பன்னிரண்டடி பள்ளம். மழைத் தண்ணீர் பாறைமேல் இரைந்துகொண்டு ஓடியது. அதன் இந்தக் கரையில் ஒரு விளக்கு அசையாமல் இருந்தது.

புஷ்பவள்ளி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பால் வாளியும் அவற்றைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பும். வெட்டுக் கத்தி மடியில். அவர் பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. முன்னால் போய் நின்று டார்ச்சைத் தாழ்த்தினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னய்யா, இங்க?"

"நீ ஏன் உக்காந்திருக்கே?"

"வெளுக்கட்டும்னு" என்றாள். அது தினமும் நடப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "வெளிச்சம் வந்தா மரத்துமேல தவழ்ந்து போயிடுவேன். இருட்டுல எது மேல எது கீழன்னு தெரியறதில்ல."

"எழுந்திரும்மா."

கம்பை ஊன்றி எழுந்தாள். அவர் கம்பை வாங்கிக்கொண்டார்.

"விளக்கை அணை."

அணைத்தாள். அவர் டார்ச்சையும் அணைத்தார். ஒரு நொடிதான். அவள் உடம்பு அவர்மேல் வந்து மோதியது. வெட்டிய மரம் சாய்வதுபோல, கையை ஊன்றக்கூடத் தோன்றாமல் சாய்ந்தாள். அவர் பிடித்திராவிட்டால் ஓடைப் பக்கம்தான் விழுந்திருப்பாள். டார்ச்சைத் தேடி எரியவிட்டு, கம்பை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னார்.

"ஒரு மாசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"இலை வேலை செய்ய நாளாகும்னு நெனச்சேன்யா" என்றாள். "நீங்கதான் சொன்னீங்களே, சரியாப் போயிடும்னு."

அவளைத் தோளில் தாங்கி இறக்கிக்கொண்டு வரும்போது கிழக்கே வெளுத்தது. வெளிச்சம் வர வர அவள் நடை தேறிக்கொண்டே வந்தது. தோட்டத்து ரோட்டைத் தொட்டபோது அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தானாக நடந்தாள், யாரும் பார்த்துவிடக்கூடாது என்பதுபோல.

அன்று மத்தியானமே பெர்னார்ட் பிச்சையையும் புஷ்பவள்ளியையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கொப்பியை டாக்டர் மேஜைமேல் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். சிவப்பு மை எழுத்து இருந்த பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றார்.

"இந்த இலையில ஏதாவது இருக்கலாம்" என்றார். "இல்லைன்னு நான் சொல்லல. ஒருநாள் யாராவது அதைப் பிரிச்செடுத்து, எலிக்குக் குடுத்து, நூறு பேருக்குக் குடுத்துப் பார்க்கலாம். அந்த நரம்பைக் காக்குதுன்னே தெரியவரலாம். உங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு ஆள். அவன் இருபது ஊசிக்குமேல போட்டுக்கவே இல்ல." கொப்பியை மூடி அவர் பக்கமாகவே தள்ளினார். "முப்பத்தொன்னுல அனுப்பியிருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும்."

புஷ்பவள்ளிக்கு மருந்தை மாற்றினார்கள். ஒன்றரை வருடத்தில் நோய் போய்விட்டது. நடை பகலில் ஓரளவு வந்தது, இருட்டில் வரவேயில்லை. மெல்லிய சத்தங்களும் போய்விட்டன. சின்னவன் வாசலில் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது, வந்து முந்தானையை இழுக்கவேண்டும். பால்வெட்டிலிருந்து எடுத்து, வெயில் ஏறியபிறகு ஸ்டோரில் உறைந்த ஒட்டுப்பாலைத் தரம் பார்த்துப் பொறுக்கும் வேலையில் போட்டார்கள். வேகமாகத்தான் பொறுக்கினாள்.

பெர்னார்ட் மானேஜருக்கு எழுதிய அறிக்கையில் ராமையாவின் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார். ராமையாவை நிறுத்திவிட்டார்கள். அவர் சிடாம் கிரியில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பெர்னார்டுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. அந்த உள்தோட்டத்துக்கு வர வேறு டிரெசர் கிடைக்கவில்லை. மாற்றல் கேட்டார், கொடுக்கவில்லை.

பிச்சை அடுத்த வருடம் பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனான். ஊசியைப் பாதியில் விட்டதால் அவன் நெஞ்சுக்குள் இருந்த கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்றார்கள். காரியம் முடிந்த மூன்றாவது வாரம் அழகம்மாவுக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியை வளர்த்துப் பார்த்தார்கள். புருஷனிடமிருந்த அதே கிருமிதான். ஸ்ட்ரெப்டோமைசின் அதைத் தொடாது.

வேறு மருந்து வந்தது, பெயர் கனமைசின். டாக்டர் தொலைபேசியில் சொன்னார்: "இது நடையைவிடக் காதைத்தான் பிடிக்கும், மிஸ்டர் பெர்னார்ட். முழுசாவே போயிடலாம். ஆனா நம்மகிட்ட இருக்கறது இதுதான்."

முதல்நாள் காலை அழகம்மா தனியாக வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பெர்னார்ட் அவளுக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"தெனமும் நான்தான் போடுவேன். வேற யாரும் போடமாட்டாங்க. போடறதுக்கு முன்னாடி தெனமும் காதைப் பார்ப்பேன். இரைச்சல் வந்தா அன்னைக்கே சொல்லிடணும்."

"சொன்னா நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்திடுவேன்."

அழகம்மா அதை யோசித்தாள். வெளியே பால் லாரி ஒன்று சத்தத்தோடு கடந்துபோனது. அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"நிறுத்திட்டா, இருமலுக்கு?"

பெர்னார்ட் எழுந்தார். மருந்துப் புட்டியின் கழுத்தை அறுத்து உடைத்தார். ஊசியில் ஏற்றி, மேல்நோக்கிப் பிடித்து, காற்றுக் குமிழ் முழுவதும் வெளியேறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"திரும்பிக்கோம்மா" என்றார்.